சிறார்க்கு ஓர் அடையாளம்

மக்கட்பேற்றைப் பெறுதற்கரிய பேறென்று போற்றாத நாடு இவ்வுலகில் இல்லை. அப்பேற்றினைப் பெற்றோர் அதனைப் பேணும் வகை பலவாம். பசித்தபோது உணவூட்டலும், நோயுற்றபோது மருந்தளித்தலும், பருவத்தே கல்வி புகட்டலும் யாவரும் அறிந்தன. ஆயின், தேர்வீதியிலும் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் நம் கையைப் பற்றி நடந்துவரும் ஒரு குழந்தை, ஒரு கணத்தில் அக்கை நழுவிக் கூட்டத்தினுள் மறையுமாயின், அதனை நம்மிடம் மீட்டுக் கொணரும் வழி யாது என்பதைப் பலரும் முன்னரே எண்ணி வைப்பதில்லை. வெளியிடங்களுக்கு அழைத்துச் செல்லும் சிறு குழந்தைக்கு, அதனை இன்னார் பிள்ளை என அறியும் வழியைக் காட்டும் அடையாளம் ஒன்று வேண்டும் என்பதும், அவ்வடையாளம் எத்தகையதாதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

குழந்தை தவறிப்போதல் பெற்றோரின் அன்பின்மையால் நிகழ்வதன்று. இதற்குத் திருமறையே சான்று தருகின்றது. பன்னிரண்டு வயதினராகிய இயேசு பெருமான் பஸ்கா விழாவிற்குப் பெற்றோருடன் எருசலேம் சென்ற வரலாற்றை லூக்கா தம் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். விழா முடிந்து ஊர் திரும்பிய யோசேப்பும் மரியாளும், பிள்ளை சுற்றத்தாரோடு நடந்து வருகின்றான் என்று கருதி ஒரு பகற்பொழுது வழி கடந்துவிட்டனர். பின்னர்த் தேடிக் காணாது மனங்கலங்கி நகருக்கு மீண்டு, மூன்று நாள் சென்றபின் ஆலயத்திற் கண்டனர். இவ்வரலாற்றின் சமயப்பொருள் வேறு. நாம் ஈண்டுக் கொள்ளத்தக்க உலகியல் உண்மை ஒன்றுண்டு. தனியே செல்லும் தாய் தன் குழந்தையை நொடிக்கொருமுறை திரும்பிப் பார்ப்பாள். பத்துப்பேர் உடன் செல்லுமிடத்தோ, பிள்ளை பாட்டியிடம் இருக்குமென்று தாயும், தாயிடம் இருக்குமென்று பாட்டியும் எண்ணுவர். துணை மிகுந்த இடத்தே காவல் குறைகின்றது.

எம் ஊராகிய அமராவதிபுதூர் காரைக்குடிக்கு அணித்தே உள்ளது. இச்செட்டிநாட்டுப் பகுதியிற் கூட்டம் கூடாத மாதம் அரிது. தைத்திங்களிற் சிராவயலில் மஞ்சுவிரட்டு நிகழும். அதே திங்களில் நகரத்தார் காவடி தாங்கிக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்வர். சுற்றுப்புற ஊராரும் பலர், சிறுவரைத் தோளிற் சுமந்தும் கைப்பிடித்தும் பழனி வழியில் நடப்பர். பங்குனி உத்திரத்திற்குக் குன்றக்குடியும், விநாயக சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியும், கொப்புடையம்மன் திருவிழாவிற்குக் காரைக்குடியும் மக்கள் வெள்ளத்தால் நிரம்பும். கிறிஸ்தவருட் பலர் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணிப் பெருவிழாவிற்குக் குடும்பத்தோடு செல்வர். இவையன்றித் திருமண வீடுகளும் உள. முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் மறு தெருவிலுமாக, கட்டுக்கட்டாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டுப் பெருவீட்டில், முன்கட்டிலே தாய் விருந்தினரோடு உரையாடிக்கொண்டிருக்கப் பின்கட்டின் வழியே பிள்ளை தெருவிறங்கிவிடுதல் அரிய நிகழ்ச்சியன்று.

சொந்த ஊருக்குள் ஒரு குழந்தை வழிதவறி நின்றால், அதனைக் காணும் முதியவர் கேட்பது ஒரே கேள்வி: "நீ யார் வீட்டுப் பிள்ளை?" அவ்வொரு வினாவிலே வேண்டுவனவெல்லாம் அடங்கும். நகரத்தாரிடையே இதற்குத் திருந்திய முறையே உண்டு. இன்ன ஊர், ஒன்பது நகரக்கோயில்களுள் இன்ன கோயில், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்தமைத்த இன்ன விலாசம் என்று கூறிவிட்டால், பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற நாட்களிற்கூட ஒருவரை இன்னாரென்று தெளிதல் எளிதாயிற்று. பிற குடியினர்க்கும் தெருப்பெயரும் தொழிற்பெயரும் பாட்டன் பெயரும் அப்பணியைச் செய்துவந்தன. ஊரே ஏடாகவும், ஊராரே அதனைப் படிப்போராகவும் இருந்தவரையில் வேறோர் அடையாளம் வேண்டப்படவில்லை.

அந்த ஏட்டை ஊரெல்லை கடந்து படிப்பார் இல்லை. நான்கு வயதுக் குழந்தையின் மொழி அதன் வீட்டுமொழியேயாகும். செட்டிநாட்டிலே நகரத்தார் வீட்டுப் பிள்ளை தந்தையை 'அப்பச்சி' என்றழைக்கும். கொங்கு நாட்டிலோ அச்சொல் தாயைப் பெற்ற பாட்டனைக் குறிக்கும். பழனியிலே கைநழுவிய பிள்ளை 'அப்பச்சியைக் காணோம்' என்று அழுதால், கொங்கு நாட்டுக் காவலர் நரைத்த தலையினரைத் தேடுதலும், இளைஞராகிய தந்தை எதிரே நின்று தவித்தலும் நேரலாம். பெயரும் அவ்வாறே குழப்பம் விளைக்கும். பள்ளி ஏட்டில் ஒரு பெயர், பாட்டி இட்ட பெயர் ஒன்று, அனைவரும் கொஞ்சி அழைக்கும் பெயர் ஒன்று என ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் வழங்கும் வீடுகள் உள. அமராவதிபுதூர்க் குருகுலத்திற் பயின்ற கவிஞர் கண்ணதாசன், பிறந்த வீட்டிலே முத்தையா. சுவீகாரம் புகுந்த காரைக்குடி வீட்டிலே நாராயணன். அத்தகைய பிள்ளை ஒன்று விழாவில் தொலைந்தால், ஒலிபெருக்கியில் கூவப்படும் பெயர் தன்னுடையதென்று அதற்கே விளங்காமற் போகலாம்.

இனி, குழந்தையின் மேனியில் ஒன்றைப் பூட்டிக் காக்கும் எண்ணம் நமக்குப் புதியதன்று. ஐம்படைத்தாலி என்னும் அணியைப் பழந்தமிழர் குழவியர்க்கு அணிவித்தனர். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்து படைகளின் வடிவமும் பொருந்திய அணி அது. மணிமேகலையில் அதன் பெயர் வருகின்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் இளமையிலேயே போர்க்களம் புகுந்ததைப் பாடும் புறநானூற்றுப் புலவர், இளம்பருவத் தாலி அவனிடம் இன்னும் நீங்காமையைச் சுட்டி வியக்கின்றார். அரைஞாணும் காப்பும் இன்றும் வழக்கில் உள்ளன. எனினும் காப்பு வேறு, அடையாளம் வேறு. காப்பு தெய்வத்தை நோக்கிய வேண்டுதல். அடையாளம் சக மனிதனை நோக்கிய வேண்டுதல். மேலும், பொன்னணி பூட்டிய குழந்தை கூட்டத்தில் தனித்து நின்றால் அவ்வணியே அதற்குப் பகையாதலும் உண்டு. சங்கிலிக்கும் கொலுசுக்குமாகக் குழவியரைக் கவர்ந்து கொன்ற கொடுமைகள் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளன. ஆகலின், விழாவிற்குச் செல்லும்போது அணிகளைக் களைந்து வீட்டில் வைத்துவிட்டு, விலையில்லா ஓர் அடையாளத்தைப் பூட்டி அழைத்துச் செல்லுதல் அறிவுடைமையாகும்.

பேசவறியாக் குழந்தைக்கு அடையாளம் இல்லாதொழியின் நேரக்கூடிய துன்பத்தை ஈழத்துக் கல்முனை நகர் உலகிற்கு உணர்த்தியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த கடற்கோளின்போது, பிறந்து இரண்டு மாதமே ஆன ஆண்குழந்தை ஒன்று இடிபாடுகளினிடையே உயிருடன் கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டது. அன்று சேர்க்கப்பட்டோருள் 81-ஆவதாக வந்தமையின் 'எண்பத்தொன்றாம் குழந்தை' என்பதே அதன் பெயராயிற்று. தமிழ்த் தம்பதியர் ஒருவர் தம் பிள்ளையென்று உரிமை கூறினர். ஆயினும் மெய்ப்பிக்கத்தக்க சான்று எதுவும் அவர்பால் இல்லை. வீடும் ஏடும் படமும் கடலோடு போயின. வழக்கு நீதிமன்றத்தை அடைந்தது. மரபணுச் சோதனை செய்து, 2005 பிப்ரவரி 16-ஆம் நாளன்று குழந்தை அப்பெற்றோரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஏழு வாரங்களுக்கு மேல் ஒரு தாய் தன் குழந்தையைப் பிறர் கையிற் கண்டு நின்றாள். கடற்கோளை எவராலும் தடுத்தல் இயலாது; அக்குழந்தையின் கையில் எழுத்துப் பட்டை ஒன்று எஞ்சியிருந்திருப்பின், அவ்வேழு வாரத் துயர் நேர்ந்திராது.

கூட்டத்தில் தொலைந்த குழந்தையைச் சேர்ப்பிக்கும் முறைகள் இரண்டு. தொலைந்தபின் கூவித் தேடுதல் ஒன்று. தொலையுமுன்னரே குறியிட்டு வைத்தல் மற்றொன்று. முதல் முறைக்குப் பெயர்பெற்றது கங்கைக் கரையாகும். 1946-இல் அலகாபாத்தில் ராஜாராம் திவாரி என்னும் பெரியார், விழாவில் வழிதவறியோரைச் சேர்ப்பிக்கும் முகாம் ஒன்றைத் தொடங்கினார். தொலைந்தோர் பெயரைக் கூவி அறிவித்தலே அதன் முறை. அவர் 2016-இல் மறையும்வரை, எழுபதாண்டுக் காலம் அப்பணி அவர் கையில் வளர்ந்தது. 2025-இல் நடந்த கும்பமேளாவில் அரசே கணிப்பொறியும் திரைகளும் கொண்டு காணாமற்போனோர் நிலையங்களை அமைத்தது. ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கூவுதற்குப் பெயர் வேண்டும். பெயரைச் சொல்லக் குழந்தைக்கு வாய் வேண்டும். அச்சத்தால் நாவெழாத குழந்தைக்கும், பிறவியிலேயே பேச்சும் செவியும் குன்றிய குழந்தைக்கும், பிறரோடு பேசிப் பழக இயலாத மனவியல்புடைய குழந்தைக்கும் அது பயன் தருவதில்லை.

இரண்டாம் முறைக்குப் பேரெடுத்துக்காட்டு 1939-இல் நிகழ்ந்தது. போர் மூளும் தறுவாயில், செப்டம்பர் முதல் நாள் தொட்டு மூன்று நாட்களுக்குள் பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து ஆசிரியருடன் சென்ற பள்ளிச் சிறுவர். பிரயாணப் பெட்டிகளிற் கட்டும் சீட்டைப் போன்ற ஒன்று, பெயரும் பள்ளியும் எழுதப்பட்டு, ஒவ்வொரு சிறுவன் சட்டையிலும் குத்தப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் இம்முறை இப்போது பரவி வருகின்றது. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்திற்கு வரும் குழந்தைகளின் கையில், பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய பட்டையை அண்மை ஆண்டுகளிற் காவல்துறையினர் கட்டிவிடுகின்றனர். சபரிமலைக்குச் செல்லும் சிறுவர்க்குப் பம்பையிற் கேரளக் காவலர் அவ்வாறே செய்கின்றனர். ஆயின் ஒவ்வோர் ஊர்த் திருவிழாவிலும் சந்தையிலும் காவலர் பட்டை கட்டுவார் என எதிர்பார்த்தல் கூடாது. ஒரு துண்டு நாடாவும் அழியா மையும் எந்த வீட்டிலும் உண்டு.

இனி அவ்வடையாளத்தில் எழுதத்தக்கது யாது? இவ்வினாவிற்கு விடை காணுமுன் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். குழந்தையின் கையிலுள்ளதை நல்லோரும் படிப்பர், தீயோரும் படிப்பர். நல்லோர்க்கு வழி காட்டுவதாகவும் தீயோர்க்கு ஒன்றும் உணர்த்தாததாகவும் இருப்பதே சிறந்த அடையாளம். இதற்கு நம் சலவைத் தொழிலாளர் முற்காலத்தே வழிகாட்டியுள்ளனர். சேங்கொட்டைச் சாற்றால் அவர்கள் துணியோரத்தில் இட்ட சிறு குறி எத்தனை வெளுப்பிற்கும் அழியாது. ஊரார் துணியெல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடப்பினும் அக்குறியால் ஒவ்வொன்றும் உரிய வீட்டை அடையும். வீட்டின் பெயரையோ செல்வத்தையோ அது பிறர்க்கு அறிவிப்பதில்லை. (சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும், அதனைக் குழந்தையின் உடலில் இடுதல் ஒருபோதும் ஆகாது. முறையை மட்டுமே நாம் கொள்ளவேண்டும்.)

அம்முறைப்படி நோக்கின், பட்டையில் முதன்மையாக எழுதத்தக்கவை இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்று, உடன் வந்திருக்கும் தாய் அல்லது தந்தையின் எண். மற்றொன்று, வீட்டிலோ வெளியூரிலோ இருக்கும் உறவினர் எண். கொட்டு முழக்கினிடையே கைப்பேசி மணி செவிக்கு எட்டாது போகலாம். மின்னூட்டம் தீர்ந்தும் போகலாம். அப்போது இரண்டாம் எண்ணே துணையாகும். எண்களை 0 முதல் 9 வரையுள்ள வழக்கமான இலக்கங்களில் எழுதினால், தமிழறியாக் கேரளக் காவலரும் திருப்பதித் தொண்டரும் படிப்பர். பினாங்கிற்கும் பத்துமலைக்கும் தைப்பூசத்திற்குச் செல்வோர் எண்ணின் முன்னே 91 என்னும் நாட்டுக் குறியையும் சேர்த்தெழுதல் வேண்டும். குழந்தைக்குக் கடுமையான ஒவ்வாமையோ வலிப்போ பேச்சுக் குறையோ இருப்பின் அதனை ஒரு சொல்லாற் குறித்தல் நன்று.

எழுதத் தகாதவை இவற்றினும் முக்கியமானவை. பலர் முதலில் எழுதுவது குழந்தையின் பெயரையே. அதனை வெளிப்புறத்தே எழுதுதல் தவறு. தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் எவரையும் குழந்தை தனக்குத் தெரிந்தவரென்றே நம்பும். முன்பின் அறியாத ஒருவன் கைப்பட்டையைப் படித்து, 'வா, அம்மா அழைக்கிறாள்' என்று பெயரிட்டு விளித்தால், அப்பெயரே தூண்டில் இரையாகும். பெயர் எழுதியே தீரவேண்டுமாயின் பட்டையின் உட்புறத்தில் எழுதுக. வீட்டு முகவரியும் பள்ளியின் பெயரும் வேண்டா. ஆதார் எண்ணும் வேண்டா. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை பதியாமலே ஆதார் வழங்கப்படுகின்றது. ஆகலின் அக்குழந்தையின் விரலை வைத்து ஆளை அறிதல் இயலாது. அந்நீண்ட எண்ணைக் கண்ட வழிப்போக்கர் அதனைக்கொண்டு தாயை அழைத்தலும் இயலாது. பள்ளியிற் கொடுத்த அடையாள அட்டையை விழாவிற்கும் மாட்டி அனுப்புவார் உளர். படமும் பெயரும் வகுப்பும் முகவரியும் ஒருங்கே தாங்கி மார்பில் ஆடும் அவ்வட்டை, பள்ளி வாயிலுக்குள் தக்கது, தேர்வீதிக்குத் தகாது.

அடையாளத்தைப் பூட்டும் இடமும் ஆராயத்தக்கது. கழுத்திற் கட்டும் கயிறு சறுக்குமரத்திலும் பேருந்துக் கம்பியிலும் சிக்கி உயிருக்கே ஊறு செய்யலாம். பைக்குள் வைத்த சீட்டு பையோடு போய்விடும். மணிக்கட்டில் தளர்வுமின்றி இறுக்கமுமின்றிக் கட்டிய துணிப்பட்டை நன்று. பட்டையைப் பிடுங்கி எறியும் இயல்புடைய மழலையர்க்குச் சட்டையின் உட்கழுத்திலோ முதுகுப்புறத்திலோ தைத்துவிடலாம். ஒன்றும் கிட்டாத விடத்து, முன்கையின் உட்புறத்தே சாதாரணப் பேனாவால் எண்ணை எழுதி, அதன்மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடினும் ஒருநாட் பொழுதிற்குப் போதும். கைப்பேசியின் கண்ணாற் படிக்கும் கட்டக் குறியீடு பதித்த பட்டைகளும் இந்நாளிற் கிடைக்கின்றன. எண்ணைப் பிறர் கண்ணுக்கு மறைத்துக் கொடுப்பது அவற்றின் சிறப்பு. ஆயின், லட்சம் பேர் கூடிய இடத்தில் கைப்பேசித் தொடர்பு திணறும். குறியீட்டைப் படிக்கும் கருவியும் எல்லாரிடத்தும் இராது. ஆகவே அதனோடு மையால் எழுதிய எண்ணும் இருத்தல் வேண்டும்.

உடையும் ஓர் அடையாளமே. பழனிக்குப் பச்சையும் காவியும், சபரிமலைக்குக் கறுப்பும், வேளாங்கண்ணிக்குக் காவியுமாக எல்லாரும் ஒரே நிறம் உடுத்துச் செல்லுமிடத்து, 'காவிச் சட்டை அணிந்த நான்கு வயதுச் சிறுவன்' என்று அறிவித்தல் பயனற்றது. அத்தகைய இடங்களில் வேறு நிறத் தொப்பியோ துண்டோ குழந்தைக்கு அணிவித்தல் வேண்டும். அன்றியும், புறப்படும் காலையில் குழந்தையை நிற்க வைத்து அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்க. பிள்ளையைக் காணாது பதறும் தாய், அன்று காலை தானே உடுத்திவிட்ட சட்டையின் நிறத்தையும் மறந்துவிடுதல் இயல்பு. அப்போது அப்படம் அவள் மறதிக்கு மருந்தாகும்; நொடியில் நூறு காவலர் கைக்கும் செல்லும்.

இவையனைத்தும் புறத்தே பூட்டுவன. அறுபடாத அடையாளம் ஒன்று உண்டு. அது குழந்தையின் நாவில் வைப்பது. மூன்று வயது நிரம்பிய பிள்ளைக்குத் தாலாட்டைப்போலத் தாளத்தோடு ஒரு தொலைபேசி எண்ணைக் கற்பித்துவிடலாம். 'உன் அம்மா பெயர் என்ன?' என்று வினவினால் 'அம்மா' என்றே விடையிறுக்கும் குழந்தைகள் பல. ஆகலின் தாய் தந்தையரின் முழுப்பெயரையும் ஊர்ப்பெயரையும் சொல்லப் பழக்குதல் வேண்டும். அதன் பள்ளிப் பெயர் இது, வீட்டுப் பெயர் இது என இரண்டையும் அறிவித்தல் வேண்டும். இன்னொரு பாடமும் உண்டு: கை நழுவினால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில். இருவரும் ஒருவரை ஒருவர் தேடி ஓடின் கூட்டம் இருவரையும் விழுங்கும்; ஒருவர் நிலைத்து நின்றால் மற்றவர் வந்து சேர்வர். நெடுநேரம் ஆயின், காவலரிடமோ, தன்னைப் போன்ற குழந்தையை உடன் கொண்டுவந்த ஒரு தாயிடமோ சென்று கூறுமாறு பயிற்றுக.

இதுகாறும் பெற்றோர் கடமையைக் கூறினோம். கண்டெடுப்பவர் கடமையும் உண்டு. அதிலேதான் இப்பொருளின் உயிர்நிலை உள்ளது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்ற பொய்ச்செய்தி கைப்பேசிகளின் வழியே வட தமிழ்நாடெங்கும் பரவிற்று. அந்நாளிற் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குச் சுற்றத்தாரோடு சென்ற மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்த ஊரொன்றில், வழியிற் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். ஊரார் கூடி அவரை அடித்துக் கொன்றனர். குழந்தையிடம் காட்டிய அன்பே கொலைக்குக் காரணமாயிற்று. இத்தகைய செய்தி கேட்ட நாட்டில், அழுதுகொண்டு நிற்கும் பிறர் பிள்ளையை நெருங்க எவர் துணிவார்? நமக்கேன் வம்பு என்று நல்லவர் ஒதுங்கிச் செல்வர். ஒதுங்காதவன் தீயவன் ஒருவனே.

இவ்விடத்தே அடையாளம் மற்றொரு தொண்டும் செய்கின்றது. கையிலே எண் எழுதிய குழந்தையைக் கண்டவர், அதனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டா. அதன் ஊரும் பேரும் வினவி ஐயத்திற்கு ஆளாக வேண்டா. அருகே நின்று, பலர் காண அவ்வெண்ணை அழைத்தாற் போதும். அடையாளம் குழந்தையைக் காப்பதோடு, குழந்தைக்கு உதவ வரும் அயலாரையும் பழியினின்று காக்கின்றது. அச்சத்தால் ஒதுங்கும் நல்லோர்க்கு உதவ வரும் துணிவைத் தருகின்றது.

எண் இல்லாத குழந்தையைக் கண்டால் செய்யத்தக்கதைச் சட்டமே வகுத்துள்ளது. காவலரிடம் கூறலாம், அல்லது 1098 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். 1996-இல் மும்பையில் தொடங்கிய இவ்வுதவி எண் இன்று நாடெங்கும் உள்ளது. தனித்துவிடப்பட்ட குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும் என்பதும், மீட்கப்பட்ட குழந்தை 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொணரப்படல் வேண்டும் என்பதும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகள். இரக்கத்தால் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று சில நாள் வைத்திருத்தலும் குற்றமாய் முடியக்கூடும். பெற்றோரும் 'ஒருநாள் பார்ப்போம்' என்று காத்திருத்தல் ஆகாது. காணாமற்போன குழந்தையைப் பற்றிய முறையீட்டை உடனே வழக்காகப் பதிதல் வேண்டும் என 2013 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. முதல் ஒரு மணி நேரத்தில் அருகிலேயே அழுதுகொண்டிருக்கும் குழந்தை, மறுநாட் காலையில் வேறொரு ரெயில் நிலையத்தில் இருத்தல் கூடும்.

பெற்ற பிள்ளையைப் பெட்டி சட்டியைப் போலச் சீட்டு ஒட்டி அழைத்துச் செல்வது அன்பிற்கு இழுக்கன்றோ என்று சிலர் வினவலாம். நாம் பெட்டிக்கும் சட்டிக்கும் பெயர் பொறிக்கின்றோம். திருமண வீட்டிற்கு இரவல் கொடுக்கும் பித்தளை அண்டாவிலும் வெள்ளித் தட்டிலும் விலாசம் வெட்டாத செட்டிநாட்டு வீடு உண்டோ? இழந்தால் மீண்டும் வாங்கத்தக்க பொருளுக்கே அத்துணைக் கருத்துக் காட்டுவோர், மீண்டும் வாங்க இயலாத ஒன்றைக் குறியின்றிக் கூட்டத்துள் விடுதல் எங்ஙனம் பொருந்தும்? மற்றொரு சாரார், பட்டை கட்டிவிட்டோம் என்ற துணிவிற் பெற்றோர் கவலையற்றிருப்பர் என அஞ்சுவர். அவ்வச்சம் தக்கதே. பட்டை கையைப் பற்றாது. கையைப் பற்ற வேண்டியது கையே. ஆகவே புறப்படும்போதே 'இந்நேரம் முதல் இந்நேரம் வரை பிள்ளை உன் பொறுப்பு' என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் குறித்துவிடல் வேண்டும். கை நழுவிய பின்னரே பட்டை பேசத் தொடங்கும்.

சுருங்கக் கூறின், 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று ஊர்ப் பெரியவர் வினவிய வினாவிற்கு, ஊரெல்லைக்கு அப்பாலும் விடையளிக்கும் சிறு கருவியே இவ்வடையாளம். அமராவதிபுதூரின் தெருவில் அவ்வினாவைக் கேட்க ஆயிரம் பேர் உளர். பழனியின் அடிவாரத்திலும் வேளாங்கண்ணியின் கடற்கரையிலும் கேட்பார் யாரென்று நாம் அறியோம். அவர் நல்லவராக இருத்தல் வேண்டும் என்று இறைவனை வேண்டுவோம். அந்நல்லவர் வழியறியாது தயங்கி நில்லாமல் நம்மை வந்தடைதற்குரிய எண்ணையும் குழந்தையின் கையில் எழுதி வைப்போம்.